கும்பிட்ட மரம்: ஜகதீச சந்திர போஸ் வாழ்க்கை

மாலை நேரம். தருமபுரி மாவட்டத்தில் உள்ள இண்டூர்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரப்பு வழியாக வீடு திரும்புகிறார்கள். ஈரமான இடத்தில் தொட்டாற்சுருங்கி படர்ந்து கிடக்கிறது. ஒரு சிறுமி குனிந்து, விரலால் மெல்லத் தொடுகிறாள். இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்கின்றன. காம்பு மளுக்கென்று தொங்கிவிடுகிறது.

சாலை ஓரத்தில் புளியமரம். பொழுது சாய்ந்ததும் அதன் இலைகளும் கூம்புகின்றன. மரம் தூங்குகிறது, இனிமேல் தழை பறிக்கக் கூடாது என்று பாட்டி தடுக்கிறாள்.

தொட்டது செடிக்கு எப்படித் தெரிந்தது? பொழுது போனது மரத்துக்கு எப்படித் தெரிந்தது? மந்திரமா? மாயமா? அல்லது உடம்பு செய்யும் வேலையா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பாதி ஆயுளைச் செலவிட்டார் ஒருவர். அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

கொள்ளைக்காரன் தோளில்

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ந்தேதி பிறந்தார். ஊர், மைமன்சிங். அன்று அது வங்காளத்தில் இருந்தது. இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது.

தந்தையார் பெயர் பகவான் சந்திர போஸ். டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பரீத்பூரில் வேலை பார்த்தார். ஒரு கொள்ளைக்காரனுக்கு அவரே தண்டனை கொடுத்துச் சிறைக்கு அனுப்பினார். தண்டனை முடிந்து வெளியே வந்த அவன் பிழைக்க வழி இல்லாமல் நின்றான். அவனைத் தம் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார் மாஜிஸ்திரேட்! சிறுவன் ஜகதீசனைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. வழி நெடுகத் தன் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டே போவான்.

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த காலம் அது. பகவான் சந்திரர் தம் மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதலில் தாய்மொழி தெரிய வேண்டும், சொந்த மக்களைத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் ஜகதீசனுக்கு ஒரு பக்கம், தந்தையாரிடம் வேலை பார்த்த முஸ்லிம் சேவகரின் மகன். மறு பக்கம், மீனவர் வீட்டுப் பையன். பறவை, விலங்கு, நீரில் வாழும் உயிர் என்று அவர்கள் ஆயிரம் கதை சொன்னார்கள். இயற்கையின் மேல் ஆசை அங்கேதான் பிறந்தது.

பிறகு கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே லாபான் பாதிரியார் பௌதிகம் கற்பித்தார். சோதனைகளைக் கண் முன்னால் செய்து காட்டுவார். ஜகதீசர் மனத்தைப் பறிகொடுத்தார்.

1880ல் டாக்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். உடம்பில் முன்பே காய்ச்சல் இருந்தது. பிணம் அறுக்கும் அறையின் நெடியில் அது இன்னும் அதிகமாயிற்று. டாக்டர் படிப்பை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். 1884ல் பட்டம் வாங்கினார்.

சம்பளம் வேண்டாம்!

1885ல் ஊர் திரும்பினார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது.

சம்பளத்தில்தான் வம்பு. வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் வேலை தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஒரே வேலை. ஒரே பாடம். தோலின் நிறம் மட்டும் வேறு!

போஸ் சண்டை போடவில்லை. வேலையை விடவும் இல்லை. ஒழுங்காக வகுப்புக்குப் போனார். ஆனால் சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. மூன்று ஆண்டு!

வீட்டில் பணம் கொட்டிக் கிடந்ததா? இல்லை. ஊருக்கு உபகாரமாகத் தந்தையார் தொடங்கிய தொழில்கள் நஷ்டப்பட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. நிலத்தை விற்று அடைத்தார்கள். அதற்கு மேலும் கடன் இருந்தது.

இந்தக் கஷ்டத்தின் நடுவில், 1887ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணமகள் அபலா. இவருக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. அந்தக் காலத்தில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே அபலா 1882ல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை.

வாடகை குறைவு என்பதற்காகத் தம்பதிகள் ஹூக்ளி ஆற்றங்கரையில் சந்திரநாகூரில் குடியிருந்தார்கள். போஸ் தினமும் படகில் ஆற்றைக் கடந்து ரெயில் ஏறுவார். அவரை அக்கரையில் விட்டுவிட்டு, அபலாவே துடுப்புப் போட்டுப் படகைத் திருப்பிக் கொண்டுவருவார்.

கடைசியில் சர்க்கார்தான் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் கொடுத்தது. மூன்று ஆண்டுப் பாக்கியும் மொத்தமாக வந்தது. அந்தப் பணம் தந்தையாரின் கடனை அடைக்கப் போயிற்று.

தொடாமல் அடித்த மணி

கல்லூரியில் நல்ல ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. ஒரு சிறிய அறை. கருவி செய்ய ஒரு தகரக் கொல்லர். இவற்றை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளை உண்டாக்கினார் போஸ். அவற்றின் நீளம் சில மில்லிமீட்டர்தான்.

1895ல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் சோதனை நடந்தது. ஓர் அறையில் அலை புறப்பட்டது. சுவரைத் தாண்டிச் சென்றது. தொலைவில் இருந்த மணியை அடித்தது! வெடிமருந்தைக் கொளுத்தியது! நடுவில் கம்பி இல்லை. யாரும் தொடவும் இல்லை.

பழங்காலத்தில் ஒருவர் இதைச் செய்திருந்தால் சித்தர் என்று காலில் விழுந்திருப்பார்கள். போஸ் என்ன செய்தார்? கருவியைத் திறந்து காட்டினார். எப்படி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் விளக்கினார். அதைக் காட்டிப் பணம் சம்பாதிக்கவும் அவர் விரும்பவில்லை.

புயலை அடக்கிய எண்ணெய்

போஸ் கதையும் எழுதியிருக்கிறார். கூந்தல் தைலம் விற்கும் ஒரு கம்பெனி 1896ல் கதைப் போட்டி நடத்தியது. போஸ் தம் பெயரைப் போடாமல் ஒரு வங்காளிக் கதை அனுப்பினார். பரிசு கிடைத்தது.

கதை இதுதான். கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கப் போகிறது என்று எச்சரிக்கை வருகிறது. ஊரே நடுங்குகிறது. ஆனால் புயல் வரவில்லை. எங்கே போயிற்று என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உண்மை ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அப்போது கப்பலில் போய்க்கொண்டிருந்தார். மகள் கொடுத்து அனுப்பிய தைலப் புட்டி கையில் இருந்தது. எண்ணெய் பட்டால் நீரின் அலை அடங்கும் என்பது நினைவுக்கு வந்தது. புட்டியைக் கடலில் வீசினார். கடல் அடங்கிவிட்டது!

சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அற்புதம் நடக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. நீரின் மேல் எண்ணெய் பரவினால் சிற்றலை அடங்குவது உண்மை. போஸ் அந்த உண்மையைப் புயல் அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினார். இந்தியாவின் முதல் விஞ்ஞானக் கதைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

விஞ்ஞானக் கதைகளில் மாய சக்திக்குக் குறைவே இல்லை. நினைத்த மாத்திரத்தில் பொருள் நகரும். நெடுந்தொலைவில் உள்ளவர் மனம் தெரியும். 1999ல் வந்த ஸ்டார் வார்ஸ் வரிசைப் படம் ஒன்றில், இந்தச் சக்திக்கு ஒரு காரணமும் சொன்னார்கள். வீரர்களின் உடம்புச் செல்களுக்குள் நுண்ணுயிர்கள் வாழ்கின்றனவாம். சக்தியோடு பேசுவது அவையாம்! ரசிகர் பலருக்கு இது பிடிக்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் அற்புதம் போய்விடும் என்று வருத்தப்பட்டார்கள்.

காரணம் தெரிந்தால் அற்புதம் போய்விடுமா? போஸின் வாழ்க்கையே இதற்குப் பதில்.

கருவிக்குக் களைப்பு

பௌதிக விஞ்ஞானி செடி பக்கம் திரும்பியது எப்படி?

மின் அலையைப் பிடிக்கும் கருவி ஒன்றை அவர் செய்தார். நெடுநேரம் வேலை செய்தால் அது மந்தமாயிற்று. கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் தெளிந்தது. மனிதனுக்கு வருவதுபோல உலோகத்துக்குமா களைப்பு வரும்? போஸ் யோசித்தார். உயிருக்கும் ஜடத்துக்கும் நடுவில் நிற்பது செடிதானே? செடியைச் சோதித்தார்.

இலையைக் கிள்ளினார். சூடு வைத்தார். ஒவ்வொரு முறையும் செடிக்குள் சிறிய மின் துடிப்பு ஓடியது. கருவியின் முள் அசைந்தது. மயக்க மருந்து கொடுத்தால் துடிப்பு அடங்கியது. விஷம் கொடுத்தால் நின்றே போயிற்று. தொட்டாற்சுருங்கி மட்டும் அல்ல, அசையாமல் நிற்கும் சாதாரணச் செடிகளும் இப்படியே பதில் கொடுத்தன.

1901ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் இதைச் செய்து காட்டினார். கூடியிருந்தவர்கள் வியந்தார்கள். ஆனால் ஜூன் மாதம், ராயல் சொசைட்டி என்னும் பெரிய விஞ்ஞான சபையில் எதிர்ப்புக் கிளம்பியது. முன்னின்று எதிர்த்தவர் பர்டன் சாண்டர்சன். பூச்சி தின்னும் செடியின் மின் துடிப்பை 1873லேயே பதிவு செய்தவர் இவர். சாதாரணச் செடியும் அப்படித் துடிக்கும் என்பதை இவர் ஏற்கவில்லை. கட்டுரையில் முக்கியமான சொல்லை மாற்றும்படி கேட்டார்கள். போஸ் மறுத்தார். கட்டுரை அச்சேறாமல் அலமாரிக்குள் போயிற்று.

ஒரு சொல்லை மாற்றியிருந்தால் புகழ் உடனே வந்திருக்கும். கண்ணால் கண்டதை மாற்றிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சம்பளத்துக்கு வளையாதவர் இதற்கா வளைவார்? தம் முடிவுகளைப் புத்தகங்களாகத் தாமே எழுதினார். அவர் எழுத்தைச் செப்பனிட்டு உதவியவர் நிவேதிதா தேவியார்.

தொழுகண்ணி

நம் சித்த மருத்துவத்தில் தொழுகண்ணி என்று ஒரு மூலிகை உண்டு. அது வைத்திருப்பவருக்கு மாய சக்தி வரும், நினைத்தவர் வசமாவார் என்றெல்லாம் கதை சொல்வார்கள். காரணம், அதன் சிறிய பக்க இலைகள் காற்று இல்லாத நேரத்திலும் தாமாகவே மேலும் கீழும் அசையும். வங்காளத்தில், கை தட்டினால் அந்தச் செடி ஆடும் என்று நம்பினார்கள்.

போஸ் அதையும் விடவில்லை. அந்த அசைவைக் கருவியால் பதிவு செய்தார். கை தட்டலுக்கு ஆடவில்லை, தானே ஒரு தாளத்தில் ஆடுகிறது என்று கண்டார். நல்ல வெப்பத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சில நிமிடம் ஆகும். ஈதர் என்னும் மயக்க மருந்தின் ஆவி பட்டால் ஆட்டம் நிற்கும். தெளிந்தால் மறுபடியும் தொடங்கும். தவளையின் இதயம் துடிப்பதோடு அதை அவர் ஒப்பிட்டார்.

1914ல் ஐரோப்பா போனபோது தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் கப்பலில் கூடவே கொண்டு போனார். குழந்தையைப் போல அவற்றைக் குளிர் படாமல் காப்பாற்றினார். சாட்சி சொல்ல வேண்டியவை செடிகள் அல்லவா!

மரம் கும்பிட்டது ஏன்?

போஸ் சிறுவனாக வளர்ந்த பரீத்பூருக்குப் பக்கத்தில் ஓர் ஈச்ச மரம் நின்றது. புயலில் சாய்ந்துபோன மரம். ஐந்து மீட்டர் நீளம் இருக்கும்.

மாலையில் கோயில் மணி அடிக்கும். அந்த நேரத்தில் மரம் தலை தாழ்த்திக் கிடக்கும்! ஓலைகள் தரையைத் தொடும். காலையில் பார்த்தால் நிமிர்ந்து நிற்கும். ஆண்டு முழுவதும் நாள் தவறாமல் இது நடந்தது. மரம் கடவுளைக் கும்பிடுகிறது என்று மக்கள் நம்பினார்கள். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். காணிக்கை வைத்தார்கள். நோய் தீர்ந்தது என்றும் சொன்னார்கள்.

போஸ் அந்த மரத்தைச் சோதிக்க விரும்பினார். மரத்துக்குச் சொந்தக்காரர் தயங்கினார். அந்நியக் கருவி பட்டால் மரத்தின் புனிதம் கெடும் என்று அஞ்சினார். போஸ் அவரைக் கேலி செய்யவில்லை. கருவி இந்த நாட்டிலே, தம் கூடத்திலே செய்தது என்றார். அதை மரத்தில் கட்டப்போகும் உதவியாளர் ஒரு பூசாரியின் மகன் என்பதையும் எடுத்துச் சொன்னார். சம்மதம் கிடைத்தது.

கருவி இரவும் பகலும் எழுதியது. மரம் மணி ஓசைக்காகத் தாழவில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. காலை ஏழு மணி வாக்கில் உச்சியில் இருந்தது. வெயில் ஏற ஏறத் தாழ்ந்தது. பிற்பகலில் அடிமட்டத்துக்கு வந்தது. அடிமரத்தின் உச்சி ஒரு மீட்டர் ஏறி இறங்கியது. ஓலைகளோ ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கின!

காரணம் வெப்பம். சாய்ந்த மரம் நிமிரப் பார்க்கும். அது உயிருள்ள மரத்தின் குணம். வெயில் ஏறினால் அந்த முயற்சி தளரும். குளிர்ந்தால் மறுபடியும் வலுக்கும். வேறு மரங்களிலும் இந்த அசைவு உண்டு என்று கண்டார். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இந்த மரத்தில் மட்டும் எல்லோரும் பார்க்கும்படி பெரிதாக இருந்தது.

இது உயிரின் வேலைதானா? வெறும் கட்டை வெயிலில் வளைவது போல இருக்கக் கூடாதா? அதற்கு விடை பிறகு வந்தது. மரம் பட்டுப்போயிற்று என்று ஓர் அதிகாரி எழுதித் தெரிவித்தார். உயிர் போனதும் அசைவும் நின்றுவிட்டது! 1918ல் வெளியான தம் நூலின் முதல் அத்தியாயத்தில் இதை எழுதினார் போஸ்.

வந்து கும்பிட்டவர்கள் ஏமாளிகளா? இல்லை. மரம் அசைந்தது உண்மை. அதை முதலில் கவனித்தவர்களும் அவர்களே. காரணத்தைக் கண்டு சொன்னவர் போஸ்.

இலைக்குள் என்ன நடக்கிறது?

இன்றைய விஞ்ஞானம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. தொட்டாற்சுருங்கியின் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறிய புடைப்பு உண்டு. அதற்குள் இருக்கும் செல்கள் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், தண்ணீர் நிரப்பிய தோல் பையைப் போல. விரல் பட்டதும் மின் செய்தி பாய்கிறது. அடிப்பக்கத்துச் செல்களில் இருந்து பொட்டாசியம் போன்ற உப்புத் துகள்கள் வெளியேறுகின்றன. உப்பு போன வழியே தண்ணீரும் போகிறது. பை தளர்கிறது. காம்பு தொங்குகிறது. கால் மணி நேரத்துக்குள் நீர் திரும்பி, இலை நிமிர்கிறது.

புளியமர இலையும், தொழுகண்ணி இலையும் அசைவது இத்தகைய புடைப்பினால்தான். புளியமரத்தின் செல்களுக்கு நேரம் காட்டும் கடிகாரமும் உள்ளேயே இருக்கிறது.

இந்த வேலைக்குச் சக்தி வேண்டாமா? செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்று மிகச் சிறிய உறுப்புகள் உண்டு. ஒரு காலத்தில் அவை தனியாக வாழ்ந்த நுண்ணுயிர்கள். பிறகு பெரிய செல்லுக்குள் குடியேறின. செடியின் செல்லிலும் அவை இருக்கின்றன. நம் செல்லிலும் இருக்கின்றன. படக் கதையில் வந்த நுண்ணுயிர் கற்பனை. நமக்குள் இருந்து உழைக்கும் இவையோ உண்மை!

போஸ் சொன்ன எல்லாமே சரியா? இல்லை. செடிக்கும் மிருகத்தைப் போல நரம்பு உண்டு என்று அவர் கருதினார். செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. உலோகத்தின் களைப்பை உயிரோடு சேர்த்து வைத்ததும் நிலைக்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் செய்தி ஓடுகிறது என்று அவர் சொன்னது நிலைத்தது. 2018ல் ஒரு சோதனை செய்தார்கள். கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றின் இலையைப் புழு கடித்தது. எச்சரிக்கைச் செய்தி சில நிமிடத்துக்குள் மற்ற இலைகளுக்குப் போய்ச் சேர்ந்ததை ஒளி வடிவில் கண்ணாலேயே கண்டார்கள்.

கடைசிக் காலம்

1915ல் போஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். 1917ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு தம் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அதில் போட்டார். அதை ஒரு கோயில் என்றே கருதினார்.

செடி வளர்வதைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியையும் செய்தார். ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சி, பத்து மீட்டராகத் தெரியும்! நம்பாதவர்கள் லண்டன் பத்திரிகையில் எழுதினார்கள். 1920ல் அறிஞர்கள் கூடி நேரில் சோதித்தார்கள். கருவி சரிதான் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஈரோட்டில் பிறந்த நம் ராமானுஜனுக்கு 1918ல் கிடைத்த ராயல் சொசைட்டி அங்கத்தினர் பதவி, 1920ல் போஸுக்கும் கிடைத்தது. அவருடைய கட்டுரையை அலமாரியில் வைத்த அதே சபை!

1937ஆம் ஆண்டு நவம்பர் 23ந்தேதி கிரிதி என்ற ஊரில் ஜகதீச சந்திர போஸ் காலமானார். 79 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. அபலா அம்மையார் பெண் கல்விக்குப் பாடுபட்டு, 1951ல் மறைந்தார்.

இண்டூர் வரப்பில் அந்தச் சிறுமி இன்னும் குந்தியிருக்கிறாள். மூடிய இலை மெல்லத் திறக்கிறது. உப்பும் நீரும் மின்சாரமும் செய்யும் வேலை என்று நாளைக்கு வாத்தியார் சொல்லிக் கொடுப்பார். அதற்குப் பிறகும் அவள் தொட்டுப் பார்க்கத்தான் போகிறாள். வேண்டுமானால் கடிகாரத்தையும் எடுத்து வருவாள், இலை திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க!